தரங்கம்பாடிக்கு வேண்டியது ஒரு சுண்ணாம்புத் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் தரங்கம்பாடியின் பழைய வீடுகளில் மராமத்துப் பேச்சு எழும் நேரம் இது. மேல்தளம் ஒழுகுகிறது, சுவரின் அடியில் பூச்சு உதிர்கிறது என்று வீட்டுக்காரர் கொத்தனாரை அழைப்பார். இரண்டு மூட்டை சிமெண்ட் வரும், ஒரே நாளில் வேலை முடியும். நாலைந்து மழைக்காலம் கழித்து அதே இடத்தில் பூச்சோடு செங்கல்லும் சேர்ந்து பெயர்ந்து விழும். இந்த ஊரின் பழமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கடலைத்தான் குற்றம் சொல்கிறோம். கடல் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் கடல் தொடாத தெருக்களில் சுவர்களைத் தின்றுகொண்டிருப்பது சிமெண்ட். அதை நிறுத்துவதற்குப் பேரூராட்சி எல்லைக்குள் பொதுவாக ஒரு சுண்ணாம்புத் தொட்டி, அதாவது சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி ஊற வைக்கும் தொட்டி, இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தொட்டியை இந்த மழைக்குள் கட்டி நீற்றினால்தான் தை மாத வேலைக்குச் சுண்ணாம்பு பக்குவமாகும். அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்போது எழுதுகிறேன்.

தரங்கம்பாடி என்றவுடன் படத்தில் வருவது டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டென்மார்க்கின் ஓவ கெடே 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு எழுந்த கோட்டை அது. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் ஊர் அதோடு முடியவில்லை. 1792-ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் கடலை நோக்கி நடந்தால் 1701-ல் அர்ப்பணிக்கப்பட்ட சீயோன் தேவாலயமும், ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்க் கட்டி 1718 அக்டோபர் 11-ல் அர்ப்பணித்த புதிய எருசலேம் தேவாலயமும் வருகின்றன. 1706 ஜூலை 9-ல் இங்கே கரையிறங்கிய சீகன்பால்க் 1719-ல் இறந்து, அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊரில்தான் அச்சாகி 1715-ல் முடிந்தது. வீதியின் முடிவில், அலைக்கு எதிரே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்கள் வந்து இறங்கியபோதே அது முந்நூறு ஆண்டுப் பழமை கொண்டது. இவற்றுக்கு நடுவே தட்டாரத் தெருவிலும் ராணி வீதியிலும் திண்ணையும் மரத்தூணும் முற்றமும் வைத்த தமிழ் வீடுகள். கோட்டைக்குக் காவலர் உண்டு, தேவாலயத்துக்குச் சபை உண்டு, கோயிலுக்கு நிர்வாகம் உண்டு. இந்த வீடுகளுக்கு வீட்டுக்காரரைத் தவிர யாரும் இல்லை. வீடுகள் போய்விட்டால் கோட்டையும் இரண்டு தேவாலயங்களும் வெறும் மைதானத்தில் தனித்தனியாக நிற்கும் பொருட்களாகிவிடும்.

இந்தத் தெருக்களின் பழைய சுவர்களை இணைப்பது ஒரே ஒரு பொருள்: சுண்ணாம்புச் சாந்து. அதனால் சிமெண்ட் ஏன் இங்கே ஒத்துவராது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பழைய செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சும். அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் அன்று போடவில்லை. நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறும். கடற்காற்றின் உப்பும் நிலத்தடி உவர்நீரின் உப்பும் அந்த ஈரத்தில் கரைந்து கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஈரம் வெளியே வந்து ஆவியாகும், உப்பு பூச்சின் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிடலாம். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதிப் பூச்சை மட்டும் மாற்றினால் போதும். பூச்சு தேய்வது செங்கல்லுக்குப் பதிலாகத் தேய்வதற்குத்தான். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுவிடும். ஈரம் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் நின்ற கறை இடுப்புக்கும் தோளுக்கும் வரும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்திலேயே படிகமாகும். படிகம் வளரும்போது செங்கல் பொரிந்து மாவாகிறது. வெளியே பூச்சு கெட்டியாகவே தெரியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், வெற்றுப் பானைச் சத்தம் வந்தால் உள்ளே செங்கல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட்டும் இதே தீங்கைச் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்த சுவர்களில் இது இரட்டிப்பு. அந்த உப்பு சுவரை விட்டுத் தானாகப் போகாது. ஒவ்வொரு மழைக்கும் கரையும், ஒவ்வொரு வெயிலுக்கும் மறுபடி படிகமாகும்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியிருந்தால் எடுக்கும்போது அவசரம் கூடாது. டிரில்லர், பிரேக்கர் இரண்டும் வேண்டாம். சின்னச் சுத்தியலும் உளியும் போதும். தட்டினால் வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் தொடங்கி ஓரமாக நெம்பி எடுக்க வேண்டும். செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்க்கும் அளவுக்குச் சில இடத்தில் சிமெண்ட் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. பிடுங்கினால் பூச்சுக்குத் தப்பிய செங்கல் நம் கையால் போகும். இணைப்புகளில் மாவாகிப்போன சாந்தை 20 முதல் 25 மி.மீ. ஆழம் வரை சுரண்டி எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போய்விடும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. பிறகு காகிதக் கூழையோ உப்பில்லாத களிமண்ணையோ நல்ல தண்ணீரில் குழைத்து 2 செ.மீ. கனத்தில் சுவரில் அப்பி, காய்ந்து தானாகச் சுருங்கும் வரை விட வேண்டும். உள்ளிருக்கும் உப்பு அந்தப் பற்றுக்கு நகர்ந்து வரும். உரித்து எறிந்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். மூன்று முறை செய்தால் வித்தியாசம் தெரியும். அதன் பிறகும் சுவரைச் சில வாரம் திறந்தே விடுவது நல்லது.

இனிச் சுண்ணாம்பு. கடைகளில் பாக்கெட்டில் வரும் தூளை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. எப்போது நீற்றியது, எவ்வளவு நாள் காற்றுப் பட்டது என்று தெரியாது. காற்றுப் பட்ட சுண்ணாம்பு பையிலேயே செத்துவிடும், அதில் பிடிப்பு இருக்காது. சூளையில் புதிதாகச் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டும், சுட்ட சில நாட்களுக்குள் நீற்றிவிட வேண்டும். அதை எடுத்துவந்து தொட்டியில் போட்டுப் பக்குவப்படுத்தும் வேலையை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியாகச் செய்ய முடியாது. இடம் வேண்டும், காவல் வேண்டும், மூன்று மாதப் பொறுமை வேண்டும். கொத்தனார் வந்து நிற்கும் அன்று சுண்ணாம்பு கையில் இல்லை என்பதால்தான் சிமெண்ட் ஜெயிக்கிறது. பொதுத் தொட்டி இருந்தால், தேவையான கொள்ளளவை வாளிக் கணக்கில் வாங்கிக்கொண்டு அன்றே வேலையைத் தொடங்கலாம்.

எவ்வளவு பெரிய தொட்டி? கணக்கு எளிது. ஒரு வீட்டின் வெளிச்சுவர் 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. கனத்தில் பூச 2 கன மீட்டர் சாந்து வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு (நீற்றி ஊறிய கெட்டிக் குழம்பு) மூன்று பங்கு மணல் என்ற கலவையில் விழுது மணலின் இடைவெளியை நிரப்புகிறது. அதனால் சுமார் 0.7 கன மீட்டர் விழுது போதும். ஒரு டன் நல்ல சுட்ட சுண்ணாம்பு ஏறத்தாழ 2 கன மீட்டர் விழுது தரும். ஆக ஒரு வீட்டுக்குச் சேதாரத்தோடு சேர்த்து 400 கிலோ. 1.5 மீட்டர் நீளமும் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு தொட்டி மூன்று வீட்டுக்குப் போதும். இப்படி நான்கு தொட்டி அடுத்தடுத்து இருந்தால் ஒரு பருவத்தில் பன்னிரண்டு வீடு. மேலே ஒரு கீற்றுக் கொட்டகை, நீற்றுவதற்குத் தனியாக ஒரு ஆழமற்ற தொட்டி, நடுவில் ஒரு சல்லடை மடை. செலவு சிறிது.

நீற்றும் முறையில் கண்டிப்பு தேவை. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகுதான் சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் குவித்து மேலே தண்ணீர் தெளித்தால் சில கட்டிகள் வெந்து கருகி, சில கட்டிகள் வேகாமலே நிற்கும். சுண்ணாம்பின் கொள்ளளவைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு தண்ணீர் வைத்துக்கொண்டு, கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நீண்ட கம்பால் விடாமல் கிளற வேண்டும். தண்ணீர் கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் தொட்டியருகே விடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில் நீற்றுவது ஆபத்து, சூட்டில் இளகிவிடும். கொதி அடங்கிய சுண்ணாம்புப் பாலைச் சல்லடையில் வடித்துச் சேமிப்புத் தொட்டிக்கு விட வேண்டும். வடிக்காமல் விட்ட சிறு கட்டி பூச்சுக்குள் போய், சில மாதம் கழித்து நீர் குடித்து ஊதி, சுவரில் அம்மைத் தழும்பு போலப் பொரி பொரியாகத் தெறிக்கும். விழுதின் மேல் நான்கு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், ஒரு நாளும் காயக் கூடாது. மூன்று வாரம் குறைந்தபட்சம். மூன்று மாதம் ஆனால் வெண்ணெய் போல இருக்கும், கரண்டியில் ஒட்டாது. ஐப்பசித் தொடக்கத்தில் நீற்றினால் தையில் இந்த மூன்று மாதம் ஆகிவிடும். மழைநீரும் வீணாகாமல் கிடைக்கும். இந்த ஊர்க் கிணற்று நீர் உவர் என்பதால் சாந்துக்கு அது ஆகாது. மழைநீர் அல்லது குடிநீர்க் குழாய் நீர்தான்.

மணலும் அப்படித்தான். கடற்கரை மணல் காலடியில் கிடக்கிறதே என்று அள்ளுவது பெரிய தவறு. உப்பை நாமே சுவருக்குள் விதைக்கிறோம். ஆற்று மணல் வேண்டும். கண்ணாடிக் குவளையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் வண்டல் மேலேயும் படியும். வண்டல் 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு மிகத் தூய்மையானது. அதனால் காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும், ஈரமான இடத்தில் தனியாக இறுகாது. சுவரின் அடிப்பகுதிக்கும் தளத்துக்கும் சுர்க்கி சேர்ப்பது இதனால்தான். செங்கல்லை இடித்து மாவாகச் சலித்த தூள் அது. கருகக் கருக வெந்த செங்கல் இதற்கு ஆகாது. அளவாக வெந்த செங்கல் தூள்தான் சுண்ணாம்போடு வேலை செய்யும். ஒரு பங்கு விழுது, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல் என்பது அடிப்பகுதிக்கு நம்பகமான கலவை. மேல்சுவருக்குச் சுர்க்கி இல்லாமல் ஒன்றுக்கு மூன்று போதும். கலவையை அரைக்க வேண்டும், சட்டியில் கிளறி எடுத்தால் போதாது. முன்பு மாடு இழுத்த கல்செக்கு செய்த வேலையை இன்று உருளை வைத்த கலவை இயந்திரம் செய்கிறது. அரைக்கும்போது கூடுதலாகத் தண்ணீர் விட ஆசை வரும், விடக் கூடாது. விழுதிலேயே போதுமான நீர் இருக்கிறது. தண்ணீர் கூடிய சாந்து காயும்போது சுருங்கி வலைப்பின்னலாக வெடிக்கும்.

பூச்சை ஒரே கனமாக ஏற்றாதீர்கள். முதல் பற்று 10 மி.மீ., சொரசொரப்பாகக் கீறி விட வேண்டும். ஏழு முதல் பத்து நாள் கழித்து இரண்டாவது, 8 முதல் 10 மி.மீ. கடைசியில் 2 மி.மீ. நைஸ் பூச்சு. ஒவ்வொரு முறையும் பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் சாந்திலுள்ள நீரைக் குடித்துவிடும். பூசிய மறுநாள் விரலால் அழுத்தினால் லேசாகப் பதியும் நிலையில் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மயிரிழை வெடிப்புகள் மூடிவிடும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் வெடிப்பு நிரந்தரம். நனைந்த சாக்குப் படுதாவைச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டு இரண்டு வாரம் வெயிலிலிருந்து காக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வேலை சரிவராது, அடைமழையிலும் சரிவராது. தை, மாசி, பங்குனி மூன்றும்தான் சுண்ணாம்பின் மாதங்கள். செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது கண்ணாடி போன்ற உட்சுவர் மெருகுக்கான கலை. உப்புக்காற்று வாங்கும் வெளிச்சுவருக்கு அது தேவையில்லை.

வெள்ளையடிப்பதற்கும் அதே விழுதுதான். துணியில் வடிகட்டி, பாலைப் போல நீர்க்கக் கரைத்து, நனைத்த சுவரில் ஐந்து அல்லது ஆறு முறை, முறைக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். நேரமில்லை என்று கெட்டியாக இரண்டு முறை அடித்தால் அடுத்த ஆண்டே செதில் செதிலாக உரியும். நிறம் வேண்டுமானால் காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பில் வெளுக்காமல் நிற்கும்.

ராஜ வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு வருவோம். அவற்றின் உயிர் மெட்ராஸ் டெரஸ் தளத்தில் இருக்கிறது. தேக்குச் சட்டங்களின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி வரிசை வரிசையாக நிறுத்துவார்கள். அதன் மேல் 75 மி.மீ. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு கான்கிரீட். அதற்கும் மேல் இரண்டு வரிசைத் தட்டோடு, கீழ் வரிசையின் இணைப்பு மேல் வரிசை ஓட்டின் நடுவில் வரும்படி. தளம் ஒழுகுகிறது என்றதும் அதன் மேலேயே சிமெண்ட் கான்கிரீட் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. 75 மி.மீ. கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு 180 கிலோ. 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறையென்றால் 3,600 கிலோ. பழைய சட்டங்களின் தலையில் ஒரு சிறிய லாரிச் சுமையை ஏற்றுகிறோம். அதோடு கான்கிரீட்டில் வெயில் வெடிப்பு விழுந்து, அதன் வழி இறங்கிய நீர் மேலே வர வழியின்றி, சட்டம் சுவருக்குள் நுழையும் முனையை அழுக வைக்கிறது. விழுவது எப்போதும் அந்த முனையில்தான். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் மெல்லிய ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். மண்ணில் இறங்குவது போல இறங்கினால் அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

தளத்தைச் சரிசெய்யும் முறை வேறு. வெடித்த தட்டோட்டை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் உள்ள சுண்ணாம்பு கான்கிரீட் பொடியாகிவிட்டதா என்று பார்த்து, பொடியான பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். 25 மி.மீ.க்கு மேற்படாத, ஊற வைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து பரப்பி, மரச் சப்பட்டையால் அடிக்க வேண்டும். குறைந்தது ஏழு நாள், சப்பட்டை பட்டால் தடம் விழாத நிலை வரும் வரை. அடிக்கும்போது தெளிக்கும் கடுக்காய் நீருக்கு அளவு உண்டு. 10 சதுர மீட்டர் தளத்துக்கு 600 கிராம் உடைத்த கடுக்காய், 200 கிராம் வெல்லம், 40 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊற வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். வெல்லத்தை அள்ளிப் போட்டால் வலு கூடும் என்று நினைப்பது தவறு, எறும்பும் பூசணமும்தான் வரும். தளத்தின் சரிவு மீட்டருக்கு 2 செ.மீ. இருக்க வேண்டும். தட்டோடு பதித்த பின் பத்து நாள் ஈரம் காயக் கூடாது.

இந்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை வேறு, அவற்றுக்குச் சுண்ணாம்புகூட வேண்டாம். மாடியில் மழைநீர் வெளியேறும் தூம்புவாய்களிலிருந்து சருகை எடுத்துவிடுவது. தட்டாரத் தெருப் பக்கத்து ஓட்டு வீடுகளில் உடைந்த நாட்டு ஓட்டை மாற்றிவிடுவது. கைப்பிடிச் சுவர், தூம்புவாய், தேவாலய மாடம், கோட்டை மதில் எங்கும் முளைத்திருக்கும் அரசங்கன்று, ஆலங்கன்றுகளை எடுப்பது. விரல் பருமன் இருக்கும்போது வேரோடு எடுப்பது எளிது. மணிக்கட்டுப் பருமன் ஆனபின் பிடுங்கினால் சுவரே கூட வரும். அப்போது தண்டை அடியோடு அறுத்து, பட்டையை வேர் வரை உரித்து, தளிர்விடும் போதெல்லாம் கிள்ளிவிட்டு, வேர் செத்துச் சுருங்கிய பிறகு எடுத்து அந்த ஓட்டையைச் சாந்தால் அடைக்க வேண்டும். மேலாக வெட்டிவிட்டுப் போவது கன்றைக் கிளைக்க வைக்கும், அவ்வளவுதான்.

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு மட்டம் ஏறும். தெருவைவிட இரண்டு படி உயரத்தில் இருந்த திண்ணை தெருவுக்குச் சமமாகும். மழைநீர் வீட்டுக்குள் பாயும், சுவரின் ஈரக் கறை ஏறும். பாரம்பரியத் தெருக்களில் சாலை வேலைக்கு ஒப்பந்தம் விடும்போது, பழைய மட்டத்தைச் சுரண்டிய பிறகே போட வேண்டும் என்ற நிபந்தனையும், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலிருந்தும் சாலை எத்தனை செ.மீ. கீழே இருக்க வேண்டும் என்ற அளவும் எழுத்தில் இருக்க வேண்டும். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போடுவதையும் நிறுத்தி, ஒரு முழ அகலத்துக்குச் சரளை விட்டால் மண் மூச்சு விடும்.

கடலுக்கு வருகிறேன். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதை ஊரே அறியும். சோழமண்டலக் கரையில் ஆண்டின் நிகரக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கடலுக்குள் எதைக் கட்டினாலும் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரியும். கோயில் கோட்டைக்கு வடக்கே இருக்கிறது. எனவே கோட்டையைக் காப்பதற்கென்று கொட்டும் கல் எங்கே முடிகிறது என்பதைக் கோயிலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அடியில் வடிகட்டித் துணியும் சிறுகல் அடுக்கும் இல்லாமல் பெருங்கல்லை மணல் மேல் நேராகக் கொட்டினால் அலை அடிமணலை உறிஞ்சிக் கல் புதைந்துகொண்டே போகும். சில ஆண்டில் மறுபடி கொட்ட வேண்டியிருக்கும். கல் இல்லாத இடங்களில் அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. சுற்றுலா அழகு என்ற பெயரில் அதைப் பொக்லைன் விட்டுச் சமன்செய்யக் கூடாது. அடும்பு என்ற பெயரில் அடம்பங்கொடி சங்கப் பாட்டிலேயே நெய்தல் கரையில் படர்ந்திருக்கும் கொடி. இந்தக் கரைக்கு நாம் கட்டும் எந்தச் சுவரையும்விட மூத்தது.

பெயர்ப் பலகைகளில் 'அலைகள் பாடும் ஊர்' என்று எழுதும் வழக்கத்தையும் திருத்த வேண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இங்கே 'பாடி' என்பது பாடுவதைக் குறிக்கவில்லை. வாணியம்பாடி, காட்பாடி போல மக்கள் குடியிருக்கும் ஊரைக் குறிக்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலில் உள்ள மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்றே சொல்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்பே இது பட்டினம், வணிகம் நடந்த ஊர் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். அந்த வரியைக் கல்லில் பொறித்துக் கோயிலுக்கு வெளியே நிறுத்தலாம். ஊர், வங்காளத்துச் செராம்பூர் முதலிய டேனிஷ் இடங்களோடு சேர்த்து, 1845-ல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு விற்கப்பட்டது என்பதைக் கோட்டை வாசலில் எழுதலாம். 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து வந்து 1986-ல் நின்றுபோன ரயில் பாதையைப் பற்றிப் பழைய நிலையம் இருந்த இடத்தில் இரண்டு வரி எழுதலாம். பொறையாறில் அச்சுக்குக் காகிதம் செய்த பட்டறை இருந்ததைப் பிள்ளைகள் அறிய ஒரு பலகை வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தம். அரசுப் பணம் வரும் இடங்களில் சுண்ணாம்பு வேலை கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாட்காட்டிதான். பணம் தை மாதம் ஒதுக்கி, மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்றால் எந்த ஒப்பந்தக்காரரும் மூன்று மாதம் சுண்ணாம்பை ஊற வைக்க மாட்டார். சீக்கிரம் இறுகட்டும் என்று சாந்தில் கொஞ்சம் சிமெண்ட் கலப்பார். அந்தக் 'கொஞ்சம்' சுண்ணாம்பின் நெகிழ்வையும் கெடுக்கும், சிமெண்டின் வலுவையும் தராது. பார்த்துக் கண்டுபிடிக்கவும் கடினம். அதனால் சுண்ணாம்பு நீற்றுவதற்குத் தனி ஒப்பந்தம் ஐப்பசியில் விட வேண்டும், பூச்சு வேலைக்குத் தனி ஒப்பந்தம் தையில். நீற்றிய தேதியைத் தொட்டியின் மேல் பெயின்ட்டால் எழுதி, மூன்று மாதம் ஆகாத தொட்டியைப் பூட்டி வைக்க வேண்டும். மதிப்பீட்டில் சதுர மீட்டருக்கு இத்தனை என்று மொத்தமாக எழுதாமல் பற்று வாரியாக எழுதி, ஒவ்வொரு பற்றுக்கும் தேதியிட்ட புகைப்படம் கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு தட்டாரத் தெருவில் பழைய வீடுகளைச் சுண்ணாம்பு கொண்டே மீட்டெடுத்தது. இந்த வேலை இங்கே முடியும் என்பதற்கு அந்த வீடுகள் சாட்சி. அந்த வேலை தெரிந்த கொத்தனார்களின் பட்டியலைப் பேரூராட்சி அலுவலகத்திலும் தேவாலய, கோயில் நிர்வாகங்களிலும் தொங்கவிட்டால், வீட்டுக்காரர் கைபேசியை எடுக்கும்போது முதலில் அழைப்பது அவர்களையாக இருக்கும். ஒவ்வொருவரோடும் இரண்டு இளைஞர்களைச் சம்பளத்தோடு சேர்த்துவிட வேண்டும். இந்தக் கைப்பக்குவம் நோட்டுப் புத்தகத்தில் நிற்காது.

தொட்டிக்கு நிழலும், நல்ல தண்ணீர்க் குழாயும், லாரி வந்து திரும்பும் வழியும் உள்ள இடம் வேண்டும். கடலிலிருந்து தள்ளி, நகர வாயிலுக்கு மேற்கே இருந்தால் உப்புக்காற்றும் குறையும். முதல் தொட்டிக்குச் சுண்ணாம்பு ஐப்பசி பிறந்து முதல் பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் தையில் கிடைப்பது அரைப்பக்குவ விழுதுதான்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.